தட்டான் கண்ணில் ஆள்

தெற்கு முனையில் தட்டான் வளைந்து திரும்பும் ரீங்காரம் கேட்டது. செங்கமலம் சம்மட்டியைத் தலைக்கு மேல் ஓங்கி மூன்று போடு போட்டாள். மூன்றாவது அடி விழுவதற்குள் அது அவளைத் தாண்டிப் போய்விட்டது. சம்மட்டியைத் தரையில் ஊன்றி, அதன் பிடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். அடுத்த தட்டான் வர அரை நிமிடம் ஆகும். கருங்காமேட்டுக் குவாரியில் அந்த அரை நிமிடத்துக்குப் பெயர்தான் ஓய்வு.

ஒரு முழ நீளத்துக்குத் தெர்மாகோல் இறக்கை, விரல் நகம் அளவு கேமரா, ரேடியோ அலையில் ஓடும் ஒரு குட்டி மோட்டார். ஒரு தட்டானின் விலை ஒரு டீயும் இரண்டு வடையும். பெட்டிக்கடையில் பாக்குப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் சரம் சரமாகத் தொங்கின. பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் தட்டானை அனுப்பி, மொட்டைமாடியில் என்ன துணி காய்கிறது என்று பார்த்துக்கொண்டார்கள். அடுத்த வீட்டு முருங்கையில் எத்தனை காய் என்று தெரியாத ஆள் ஊரில் இல்லை. கீழே விழுந்ததை யாரும் பொறுக்குவதில்லை. ஆடு மட்டும் மென்று பார்த்துவிட்டுத் துப்பும்.

குவாரிக்கு மேலே பதினாறு தட்டான்கள் விடியலிலிருந்து பொழுது சாயும் வரை வட்டமிட்டன. அவை அனுப்பும் படத்தை ஆளெண்ணி என்கிற பெட்டி பார்த்தது. மலிவுக் கண்ணுக்கு அந்த உயரத்திலிருந்து கல்லும் சாம்பல் நிறம், ஆடும் சாம்பல் நிறம், கல்தூள் படிந்த மனிதனும் சாம்பல் நிறம். மாட்டிய முதல் வாரம் பாறாங்கல்லையெல்லாம் சேர்த்து நானூறு பேர் வேலை செய்வதாகச் சொன்னது. மாட்டியவன் திரும்ப வந்து, தலையைச் சொறிந்துவிட்டு, அதற்கு ஒரே ஒரு பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். எது கையைத் தலைக்கு மேல் ஓங்கி இறக்கி, மறுபடி ஓங்குகிறதோ அது ஆள். மற்றதெல்லாம் கல்.

முப்பத்தோரு பேர் கல் உடைத்தார்கள். எண்ணிக்கை முப்பதாகக் குறைந்தால் மேஸ்திரியின் கைபேசி கத்தும். மேஸ்திரி வந்து கத்துவார். உடைக்கும் இயந்திரம் வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். வாங்கினார்கள். அது பழுதானால் உதிரி பாகம் வர ஆறு வாரம் ஆனது. ஆள் பழுதானால் மறுநாள் காலையில் வேறு ஆள் வந்து நின்றான்.

வேலாண்டிக்குத்தான் இதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. செங்கமலத்தின் புருஷன். துளை போடும் கம்ப்ரசரோடு பதினைந்து வருஷம் கிடந்து இரண்டு காதும் போனவன், காதோடு வாய் வைத்துக் கத்தினால்தான் ஏதோ கேட்கும். காது போன பிறகு சம்மட்டிக்கு மாற்றியிருந்தார்கள்.

"சின்னப் புள்ளையில தட்டானப் புடிச்சு, வாலுல நூலக் கட்டி, கல்லு தூக்க வெச்சோம்ல," என்பான், தேவைக்கு மேல் சத்தமாக. "அது மறக்கல புள்ள. இப்ப நம்மளத் தூக்க வெக்கிது."

செங்கமலம் சிரிக்கவில்லை. அவள் யோசித்தாள். ஓங்கி இறங்குவது மட்டும்தான் ஆள் என்றால், ஓங்கி இறங்குவதற்கு உயிர் எதற்கு? கிழிந்த சட்டை, நாலு குடைக்கம்பி, தலைக்கு ஒரு ஓட்டைக் குடம், கைக்கு சைக்கிள் ஸ்பிரிங் வைத்து ஒரு பொம்மை கட்டினாள். கொஞ்சம் காற்று அடித்தால் போதும், கை ஏறி ஏறி இறங்கியது. தட்டான் கடக்கும் நேரத்துக்குள் மூன்று முறை இறங்க வேண்டும், இரண்டு போதாது என்பதைக் கண்டுபிடிக்க அவளுக்குப் பதினொரு நாள் ஆனது. கை தலைக்கு மேலே போகாவிட்டால் சேர்த்தி இல்லை என்பதற்கு இன்னும் ஒரு நாள்.

சட்டை போட்டுக்கொண்டு ஒரு வேலையும் செய்யாமல் நிற்பதால் அந்தப் பொம்மைக்கு மாப்பிள்ளை என்று பெயர் வந்தது. மாப்பிள்ளையை நிறுத்திவிட்டுப் பாறை நிழலில் போய்ப் படுப்பதற்கு, மாமியார் வீட்டுக்குப் போவது என்று பெயர். மேஸ்திரி காதுபடவே பேசிக்கொண்டார்கள். "எங்கடா அவன்?" "மாமியார் வீட்டுக்கு." குவாரி முழுக்கச் சிரிப்பு ஓடும். ஒரு நாளைக்கு ஒருவர், முறை வைத்து.

அன்று வேலாண்டியின் முறை இல்லை. ஆனால் காலையிலேயே அவன் உடம்பு கொதித்தது. மாத்திரையைப் போட்டுவிட்டு வந்தவன் இரண்டு முறை சம்மட்டியைத் தன் காலுக்கு ஓர் அங்குலம் தள்ளிப் போட்டான். செங்கமலம் அவனைக் கீழ்ப்பள்ளத்துக்குக் கூட்டிப்போய், துருத்தி நின்ற பாறை வாய்க்கடியில் படுக்க வைத்தாள். சம்மட்டித் தலையில் துண்டைச் சுற்றித் தலையணையாகத் தலைமாட்டில் வைத்தாள். வெளியே மாப்பிள்ளையை நட்டாள். அவளைத் தண்ணீர்க் குடத்தோடு மேலே ஜல்லி அரைக்கும் கிரஷருக்குப் போகச் சொல்லியிருந்தார் மேஸ்திரி.

"சோணை, பன்னெண்டரைக்கு வெடி. அதுக்கு முன்ன அவர எழுப்பிக் கூட்டிட்டு வந்துரு."

சோணைமுத்து அவள் பக்கத்தில் உடைக்கிறவன், வாய்த்துடுக்கு. "மருமகன மாமியார் வீட்லருந்து கெளப்புறது லேசாக்கா?" என்றான்.

பத்தரைக்கெல்லாம் வடக்கே கறுத்துவிட்டது. காற்றுக்குப் பயந்து தட்டான்கள் தாழ வந்து பறந்தன. தட்டான் தாழப் பறந்தால் மழை என்பது நிஜத் தட்டானுக்குச் சொன்னது, இதற்கும் பலித்தது. வெடிமருந்து திணித்த துளைகளில் தண்ணீர் இறங்கினால் எல்லாம் பாழ். பதினொரு மணிக்கே வெடி என்று ஒலிபெருக்கி சொல்லிவிட்டது.

செங்கமலம் கிரஷர் பாதை வழியாகப் பதுங்கு கொட்டகைக்கு ஓடிவந்தாள். முன்பெல்லாம் வெடிக்காரர் சிவப்புக் கொடியோடு பள்ளம் முழுக்க நடந்து, மூலைக்கு மூலை குரல் கொடுத்துவிட்டுத்தான் திரியைப் பற்றவைப்பார். இப்போது நடை இல்லை. ஆளெண்ணி இருக்கும்போது இன்னொரு கண்ணுக்கு எதற்குச் செலவு என்று அதையே வெடிப்பெட்டியோடும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். எண்ணிக்கை பூஜ்யம் ஆனால் பெட்டி திறக்கும். பொத்தானை ஒரு தடவை அமுக்கினால் மூன்று நிமிடச் சங்கு, அப்புறம் வெடி. நடுவில் நிறுத்தக் கைப்பொத்தான் கிடையாது. மனிதக் கை பதறும், பதறினால் தப்பு செய்யும் என்று எடுத்துவிட்டார்கள். எல்லாம் ரேடியோவில் ஓடுவதால் அறுக்கக் கம்பியும் கிடையாது. பள்ளத்தில் ஆள் தெரிந்தால் பெட்டி தானே நிற்கும்.

கொட்டகையில் சங்கு காதைப் பிளந்தது. வெடிக்காரன் ஜெயசீலன் பெட்டியருகே நின்றிருந்தான். வெளியூர்க்காரன், வந்து எட்டு நாள்.

"கூட்டிட்டு வந்துட்டியா?" என்றாள் செங்கமலம்.

"வந்துட்டேன்க்கா. இந்தா இருக்கு." சோணைமுத்து காலடியில் கிடந்த சாக்கை உதைத்தான். பிரித்துப் போட்ட குடைக்கம்பியும் ஓட்டைக் குடமும் கலகலத்தன.

"அவரு?"

"அவரா? சங்கு ஊதிருச்சே, அவரே வந்திருப்பாருன்னு..." அவன் வாய் பாதியில் நின்றது. சங்கு ஊதினால் வேலாண்டிக்குக் கேட்காது.

ஜெயசீலன் திரும்பினான். "நாந்தான் கேட்டேனேங்க, ஒரு ஆள் கொறையுதேன்னு. இவர்தான் சொன்னாரு, மாமியார் வீட்டுக்குப் போயிருக்காருன்னு. லீவுன்னு எழுதிட்டேன்."

"எங்கம்மா செத்து நாலு வருசமாச்சு," என்றாள் செங்கமலம்.

அவனுக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் பிடித்தது. கை பெட்டியைத் தடவியது, இல்லாத பொத்தானைத் தேடி. ஒலிபெருக்கியில் கல்யாண வீட்டில் வரவேற்கிற மாதிரியான ஒரு பெண் குரல் சொன்னது: நூற்றைம்பது நொடி.

செங்கமலம் மூலையில் சாத்தியிருந்த சம்மட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பள்ளத்துக்கு இறங்கும் பாதையில் முதல் தட்டான் எதிரே வந்தது. கையை வீசினாள், அலறினாள். அது அவளைத் தாண்டிப் போயிற்று. நூறு நொடி. அவளுக்குத் தெரியும், கையை வீசுகிறவள் ஆள் இல்லை, காற்றில் ஆடும் சாக்கு. இருந்தாலும் வீசிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அடுத்தது வருவதற்குள் கீழே இறங்கிவிட வேண்டும். சரளையில் சறுக்கி விழுந்து, எழுந்து, முழங்காலில் ரத்தத்தோடு பாறை வாய்க்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். வேலாண்டி வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். அவனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு மேலே ஏற மூன்று நிமிடமாவது வேண்டும்.

தலைக்கு மேலே ரீங்காரம் கேட்டது. சம்மட்டியை ஓங்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

"ஆள் ஒன்று," என்றது குரல். "நிறுத்தம். மீதி எழுபது நொடி."

அவள் காலடியில் பாறைத் துளைகளில் மருந்து கெட்டித்துக் கிடந்தது. அதன் மேல் நின்று உடைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த தட்டான் அவள் கையைப் பார்க்காவிட்டால் எழுபது அறுபத்தொன்பது ஆகும். கால் நீட்டி அவனை உதைக்க எட்டவில்லை. கல்லைச் சாய்வாக அடித்தாள். சில்லு பறந்து போய் அவன் தாடையில் பட்டது.

வேலாண்டி கண்ணைத் திறந்தான். பெண்டாட்டி மாங்கு மாங்கென்று உடைக்கிறாள், மேலே தட்டான் தாழ வருகிறது. தட்டான் வந்தால் ஒளிகிற எட்டு மாதப் பழக்கம். அப்படியே அசையாமல், கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டான். அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

"அடப்பாவி மனுசா, எந்திரிய்யா," என்றாள். அது அவன் காதுக்கு எட்டாது. தட்டான் கடந்ததும் பாய்ந்து, முடியைப் பிடித்துத் தூக்கி, அவன் விரலைப் பிடித்து மருந்துத் துளையில் வைத்தாள். பதினைந்து வருஷம் துளை போட்ட விரல். அதற்கு மேல் அவனுக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தலைமாட்டுச் சம்மட்டியை எடுத்துக்கொண்டான். இருவரும் ஓடினார்கள். ரீங்காரம் கேட்டதும் நின்றார்கள், மூன்று போடு போட்டார்கள். ஆள் இரண்டு, நிறுத்தம். மறுபடி ஓட்டம். காய்ச்சலில் அவனுக்குக் கால் பின்னியது. அவள் முதுகில் கை கொடுத்துத் தள்ளினாள். பாதித் தூரத்தில் அவன் இரண்டு போட்டுவிட்டு மூன்றாவதற்குக் கை தூக்க முடியாமல் நின்றான். குரல், ஆள் ஒன்று என்றது. அவன் இன்னும் அங்கேதான் நின்றான்.

கொட்டகையிலிருந்த முப்பது பேரும் வாசலில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெயசீலன் மட்டும் கைபேசியில் தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் அவனைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டிருந்தார்கள்.

பள்ளத்தின் எல்லையாகப் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டி இருவரும் கொட்டகை வாசலுக்கு வந்து விழுந்தபோது முதல் தூறல் விழுந்தது. வேலாண்டி மண்ணில் உட்கார்ந்துவிட்டான். சோணைமுத்து தண்ணீர்ச் செம்பை நீட்டினான். "மன்னிச்சிருங்கண்ணே. வாய் பழகிருச்சு," என்றான். வேலாண்டிக்கு அது கேட்கவில்லை. செம்பை மட்டும் வாங்கிக்கொண்டான்.

செங்கமலம் சம்மட்டியைக் கீழே வைத்தாள். காலையிலிருந்து முதல் முறையாக இரண்டு கையையும் தொங்கவிட்டு நின்றாள். ஒரு தட்டான் தாழ வந்தது. வாசலில் நின்ற முப்பது பேருக்கும் அவனுக்கும் அவளுக்கும் மேலே, தொட்டுவிடலாம் போன்ற உயரத்தில், மெதுவாகக் கடந்து போயிற்று.

நின்றிருந்த நொடிகள் மறுபடி ஓடித் தீர்ந்தன, பெட்டி பேசியது. உடனே பள்ளம் தூக்கிப் போட்டது. நிலத்தின் அதிர்வு வேலாண்டியின் இடுப்பு வரை ஏறியது. பாறை வாய் இருந்த இடத்தில் புகை நின்றது. அதற்குள் சிக்கிய இரண்டு தட்டான்கள் வெள்ளைத் துகளாக இறங்கின. அதற்காக யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை, அந்த விலைக்கு வாங்கியதே அதற்குத்தான்.

வேலாண்டி அவள் சேலையைப் பிடித்து இழுத்தான். கையால் தன் காதைக் காட்டி, தேவைக்கு மேல் சத்தமாகக் கேட்டான்.

"வெடிக்கிறதுக்கு முன்ன எல்லாரும் பெட்டியத் திரும்பிப் பாத்தீங்களே, என்னா சொல்லுச்சு புள்ள?"

அவள் குனிந்து அவன் காதில் வாய் வைத்துக் கத்திச் சொன்னாள்.

"ஆள் இல்லைன்னுச்சு."