குனியாத தலை

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் தங்கச்சிமடத்து வீட்டில் பொழுது சாய்ந்ததும் எல்லோரும் முழங்காலில் நின்று ஜெபமாலை சொல்வோம். "பிதாவுக்கும் சுதனுக்கும்" என்று வரும்போது தலை குனிய வேண்டும். குனியாவிட்டால் அம்மாவிடம் குட்டு விழும்.

அன்று என் தம்பி செபஸ்தியான் குனியவில்லை. அவனுக்கு ஆறு வயது. காலையிலிருந்தே காய்ச்சல்.

"ஏலே, சாமிக்கு முன்னால திமிரா?" என்று அம்மா கையை ஓங்கினாள்.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அடிக்காதீங்கம்மா! லூர்து அக்காவும் இப்படித்தான் குனியாம நின்னா."

அம்மாவின் கை அப்படியே நின்றது. எங்கள் வீட்டில் அக்காவின் பேரை யாரும் சொல்வதில்லை. போன மழைக்காலத்தில் அவளுக்கும் இதே காய்ச்சல். குனியாததற்குக் குட்டு வாங்கினாள். மறுநாள் எங்களையே அடையாளம் தெரியாமல் பிதற்றினாள். அதற்கடுத்த நாள் அவளைக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போனோம்.

"சும்மா இரு புள்ள," என்றார் அய்யா. தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "இது வெறும் கடல்காத்துக் காய்ச்சல். காலையில சரியாப் போயிரும்."

நான் அடுப்படியிலிருந்து ஒரு கருப்பட்டித் துண்டை எடுத்து வந்தேன். கருப்பட்டி என்றால் தம்பி தூக்கத்திலும் வாயைத் திறப்பான்.

"தலையைக் குனிஞ்சு நாடியால நெஞ்சைத் தொடு பாப்போம். தொட்டா இது உனக்கு."

அவன் முயன்றான். கழுத்து மரக்கட்டை போல விறைத்து நின்றது.

"ஏலல அக்கா, குனிய முடியல," என்று அழுதான். "நீயே தின்னுக்க."

அவன் கருப்பட்டியை வேண்டாம் என்றது அதுதான் முதல் தடவை. அய்யா எழுந்துவிட்டார். ராமேஸ்வரம் பக்கமிருந்து ரயில் கூவியது. தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார்.

"நானும் வாரேன்!" என்று பின்னால் ஓடினேன்.

பாம்பன் பாலத்தில் ரயில் எப்போதும் மெதுவாகத்தான் போகும். அன்று அது நகரவே இல்லை போலிருந்தது.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் தம்பியின் முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். தெளிந்திருக்க வேண்டிய நீர், அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கியிருந்தது.

"மூளைக்காய்ச்சல். அதான் கழுத்து மடங்கல," என்று சொல்லி டாக்டரம்மா பென்சிலின் போட்டார்.

"பிழைச்சிருவானா?" என்று கேட்டேன்.

"மூளைக்குள்ள காவல்கார செல்லுன்னு உண்டு. கண்ணுக்குத் தெரியாது. சும்மா இருக்கும்போது குப்பையைக் கூட்டிக்கிட்டுத் திரியும். கிருமி வந்தா புடிச்சுத் தின்னும். இப்ப அங்க பெரிய சண்டை. சண்டை முத்துனா காவல்காரங்களே மூளையைக் காயப்படுத்திருவாங்க."

"எங்க நாய் வீரன் மாதிரியா? கருவாடு தூக்க வர்ற காக்காயை விரட்டுவான். கோவம் முத்துனா கருவாட்டையே மிதிச்சுத் துவைச்சிருவான்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதேதான். மருந்து கிருமியைக் கொன்னா சண்டை அடங்கும். பிறகு கூட்டி அள்ளுறதும் அவங்கதான்." சிரிப்பு நின்றது. "எவ்வளவு மிதிபட்டிருக்குன்னு அப்பத்தான் தெரியும்."

பக்கத்துக் கட்டிலில் இருந்த குழந்தையை மறுநாள் துணி போர்த்தி எடுத்துப் போனார்கள். அய்யா தம்பியின் காலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

ஒருநாள் காலையில் காய்ச்சல் இறங்கியது. தம்பி கண் திறந்தான்.

"அக்கா, கருப்பட்டி எங்க?"

"பையில இருக்குடா."

"எங்க?" என்று மறுபடி கேட்டான். நான் சத்தமாகச் சொன்னேன். அவன் என் வாயையே பார்த்தான். சண்டை காது வரைக்கும் பரவியிருந்தது. கேட்கும் சக்தி அவனுக்குத் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்த அன்று மாலை ஜெபமாலைக்கு அவனை என் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். அந்த வரி வந்ததும் அவன் முதுகில் விரலால் தட்டினேன். நாடி நெஞ்சைத் தொடும்வரை அவன் குனிந்தான். அம்மா குனிய மறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குனிந்தபடியே அவன் என் பக்கம் கையை நீட்டினான், கருப்பட்டிக்கு.