சனிக்குப் பயந்த கம்ப்யூட்டர்

பளார்!

லேபிள் அச்சகத்தின் டிசைன் அறையில் விழுந்த அறை, மிஷின் சத்தத்தையும் தாண்டி வெளியே கேட்டது. காகிதம் அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

அறைந்தவர் முதலாளி ஜெயச்சந்திரன்.

வாங்கியவன் டிசைனர் பாண்டி. தாயில்பட்டிக்காரன். ஆறு வருட சர்வீஸ்.

"மயில் லேபிள எவனுக்குலே குடுத்த?"

"யாருக்கும் குடுக்கல மொதலாளி. எங்காத்தா மேல சத்தியம்."

"குடுக்காமத்தான் ரத்தினசாமி கம்பெனி பெட்டியில அச்சு அசலா ஒட்டியிருக்கானா?"

2006 தீபாவளி சீசனுக்காக ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வரைந்த புத்தம் புது மயில். இங்கே இன்னும் மிஷினிலேயே ஏறவில்லை. அதற்குள் வேறொரு பட்டாசுக் கம்பெனியின் சங்குசக்கரப் பெட்டியில் தோகை விரித்துவிட்டது!

பாண்டியின் சட்டையைக் கழற்றச் சொல்லிச் சோதித்தார்கள். சாப்பாட்டுத் தூக்கைக் கவிழ்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

அத்தனை பெண்கள் பார்க்க, பனியனோடு நின்றான். கன்னத்து எரிச்சலை விட அந்தப் பார்வைகள் அதிகமாக எரிந்தன. செத்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

பதினோரு மணிக்கு எஸ்.ஐ. வருகிறார். திருட்டுப் பட்டம் விழுந்தால் சிவகாசியில் ஒரு அச்சகமும் அவனை வாசற்படி ஏற்றாது. அவனுக்குத் தெரிந்ததோ இந்த ஒரே தொழில்தான்.

"சாட்சி அந்தா இருக்கு" என்று ஜெயச்சந்திரன் கம்ப்யூட்டரைக் காட்டினார்.

திரையில் சிவப்புப் பெட்டி. ஆன்டிவைரஸ் துவங்கும்போதே கடுமையான பிழை... பாதுகாப்பு இயங்காது...

"திருடுறதுக்குத் தோதா அதை முடக்கி வச்சிருக்கான். பத்து நாளா இதே கூத்து."

விருதுநகரிலிருந்து வந்திருந்த கம்ப்யூட்டர் மெக்கானிக் தனுஷ்கோடி, அதன் முன்னால் உட்கார்ந்தார். அணைத்துப் போட்டார். அதே பிழை. ஆன்டிவைரஸை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினார். அதே பிழை!

நெற்றியைத் தேய்த்தவர், திரையின் வலது மூலையைப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணாச்சி... இது என்ன வருசம்?"

"ரெண்டாயிரத்து ஆறு. இதென்ன கேள்வி?"

"சிஸ்டத்துல ரெண்டாயிரத்துப் பத்துன்னுல்ல இருக்கு. யாரு மாத்துனது?"

ஜெயச்சந்திரனின் முகத்தில் இருந்த ரத்தம் எங்கேயோ இறங்கிப் போனது.

ஓரமாக நின்ற அவர் மனைவி ஞானசுந்தரி, புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். "சொல்லுங்க. யாரு மாத்துனது?"

"...நாந்தான்."

"எதுக்கு?"

"நான் கடக ராசி. ரெண்டாயிரத்து ஒம்பது வரைக்கும் ஏழரைச் சனி. சிஸ்டம் எம்பேர்ல வாங்குனது. சனி முடிஞ்ச தேதிய வச்சுட்டா அதுக்காவது பிடிக்காதுல்ல..."

"எந்தச் சோசியன் சொன்னான்?"

"யாரும் சொல்லல. நானாத்தான் யோசிச்சேன்."

வெளியே ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள்.

"ஆன்டிவைரஸுக்கு லைசென்ஸ் ஒரு வருசத்துக்குத்தான் அண்ணாச்சி" என்றார் தனுஷ்கோடி. "தேதி பத்துன்னு இருந்தா, நம்ம காலம் முடிஞ்சுபோச்சுன்னு அது எந்திரிக்கவே எந்திரிக்காது. காவல்காரன் படுத்துட்டான். அந்த நேரம் பாத்து, போன வாரம் ஞாயித்துக்கிழமை யாரோ ஒரு மெயில்ல வந்த படத்தத் தொறந்திருக்காக. வைரஸ் உள்ள வந்துருச்சு."

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு" என்றான் பாண்டி.

படத்தின் பெயரைத் தனுஷ்கோடி வாய்விட்டு வாசிக்கவில்லை. குனிந்து ஞானசுந்தரியே வாசித்துக்கொண்டாள்.

"இந்த நடிகைக்கு நம்ம கம்பெனில என்ன சோலி?"

ஜெயச்சந்திரன் வாயைத் திறப்பதற்குள் மேஜை மேல் இருந்த போன் அலறியது. ஞானசுந்தரி ஸ்பீக்கரைத் தட்டினாள்.

ரத்தினசாமி!

"என்ன அண்ணாச்சி, மெயிலா அனுப்பித் தள்ளுறீக? போன வாரம் மயில் லேபிள் வந்துச்சு. வேண்டாம்னுதான் குடுக்காகன்னு நெனச்சு நான் போட்டுக்கிட்டேன். இப்ப என்னடான்னா, பாண்டி திருடன்னு போலீசுக்கு எழுதுன கடுதாசி வந்திருக்கு. ஊருல எல்லா அச்சாபீசுக்கும் வந்திருக்காமே?"

போன் வைக்கப்பட்டது.

தனுஷ்கோடிதான் விளக்கினார். "அந்த வைரஸோட வேலையே அதான். சிஸ்டத்துல புதுசா என்னத்த சேவ் பண்ணினாலும், அட்ரஸ் லிஸ்ட்ல இருக்கிற அம்புட்டுப் பேருக்கும் தானா அனுப்பிரும். உங்க லிஸ்ட்ல எம்பத்தி மூணு பேரு. காலையில புகார இதுலதான டைப் அடிச்சீக?"

திருடனைக் காட்டிக்கொடுக்க வந்த கம்ப்யூட்டர், முதலாளியைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ஜெயச்சந்திரனுக்குத் தரை பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது. வெட்கம். ஐம்பது வயதுக்கு மேல் வந்த வெட்கம், பிடரி வரை சுட்டது.

ஞானசுந்தரி ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, எஸ்.ஐ. வரவேண்டாம் என்று சொன்னாள்.

ஜெயச்சந்திரன் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்தினார். பாண்டியின் முன் கைகூப்பினார்.

"தப்புப் பண்ணிட்டேன்லே. மனசுல வச்சுக்கிடாத."

பாண்டி அவர் முகத்தை நேராகப் பார்த்தான்.

"அறைஞ்சது கதவத் தொறந்து வச்சு. மன்னிப்பு மட்டும் கதவச் சாத்திட்டா மொதலாளி?"

ஜெயச்சந்திரன் தான் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"திருடன்னு எம்புட்டுப் பேருக்குத் தெரிஞ்சதோ, இல்லைன்னு அம்புட்டுப் பேருக்கும் தெரியணும். இல்லாட்டி நாளைக்கு நான் எங்கன போய் வேலை கேக்க?"

"எம்பத்தி மூணு பேருக்கும் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போன் போட?"

ஞானசுந்தரி கதவை அகலத் திறந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"போன் எதுக்கு? டைப் அடிங்க."

பெண்கள் வாசலில் வந்து நிற்க, ஜெயச்சந்திரன் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். பாண்டி திருடன் இல்லை. லேபிள் வெளியே போனதற்கு நான்தான் காரணம். ஊர் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன்.

சேவ் செய்தார்.

தனுஷ்கோடி மவுஸைப் பிடித்தார். "தேதியச் சரி பண்ணிருவோம். ஆன்டிவைரஸ் எந்திரிச்சு வைரஸக் கொன்னுரும். தட்டவா?"

பாண்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அவசரப்படாதீகண்ணே. எம்பத்தி மூணு வீட்டுக்கும் கடுதாசி குடுத்துட்டு வரட்டும்... அப்புறம் நிம்மதியாச் சாவட்டும்."