கால்வாய்ப் படம் போட்ட அட்டை

தபால்காரர் ததேயுஸ் நீட்டிய அட்டையில் தபால் முத்திரையே விழுந்திருக்கவில்லை. ராஜா தலை போட்ட பழைய தபால்தலை. வெள்ளைக்காரன் போய் ஐந்து வருஷமாகிவிட்டது.

"ஆரு போட்டதுண்ணு தெரியல டீச்சர். பைக்குள்ள கெடந்து. உங்க விலாசம், அதான் கொண்டாந்தேன்."

ராஜபாய் திருப்பினாள். சாயம் பூசிய படம். மெட்ராஸ் ரயில் நிலையம், செங்கல் கோபுரம், குதிரைவண்டிகள். பின்புறம் அவள் கணவன் டைட்டஸின் சாய்ந்த எழுத்து: 'இறங்கிவிட்டேன். யாரும் கூப்பிட வரவில்லை.'

மெட்ராஸில் அச்சாபீஸ் வேலையிலிருந்த டைட்டஸ், ஏழு மாதத்துக்கு முன் அந்நகரத்துக் கால்வாயில் மூழ்கிச் செத்துப்போனான். தந்தி நாகர்கோவிலுக்கு வருமுன்பே அங்கே அடக்கம் முடிந்திருந்தது. முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை.

என்றோ போட்டது எங்கோ தங்கி இப்போது வந்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் இன்னொன்று வந்தது. கால்வாய்ப் படம், விறகு ஏற்றிய தோணிகள், தண்ணீருக்குள் இறங்கும் கல்படிகள். 'படியில் இருக்கிறேன். பேச்சுத்துணைக்கு ஆளில்லை.'

அதை அடுப்பில் போட்டாள். எரிந்து சாம்பலான பிறகும் சேறும் அழுகிய தாழையும் கலந்ததுபோல ஒரு வாடை அடுக்களையிலிருந்து கிளம்பி, ஜன்னல்களைத் திறந்து வைத்தும் போகாமல், உலர்ந்த துணிகளிலும் பிள்ளையின் தலைமுடியிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

சனிக்கிழமை மத்தியானம் வந்த அட்டையை, அவள் பார்க்குமுன் மகள் முத்துக்கனி வாங்கிவிட்டாள். ஏழு வயசு. எழுத்துக்கூட்டி வாசித்தாள். அதே கால்வாய். விலாசத்தில் பிள்ளையின் பெயர். 'மக்களே, கடைசிப் படிக்கு வா. அப்பா பிடித்துக்கொள்கிறேன்.'

"அம்மா, அப்பா கூப்பிடுதாவ. நான் போவட்டா?"

"எங்கயும் போப்பிடாது. அம்மா மடியில இரு."

கதவுகளைத் தாழிட்டாள். குடத்துத் தண்ணீரையெல்லாம் முற்றத்தில் கொட்டினாள். பிள்ளையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டு நடுவீட்டில் உட்கார்ந்து, வாய்க்கு வந்த ஜெபத்தையெல்லாம் சொன்னாள். ஓட்டுக் கண்ணாடி வழியே வெயில் தரையில் சதுரமாக விழுந்து கிடந்தது. எங்கோ பக்கத்தில், கல்லில் தண்ணீர் மெல்ல மெல்ல மோதும் சத்தம்.

பக்கத்தில் தண்ணீரே கிடையாது.

"படி வழுக்குதும்மா."

"எந்தப் படி? நீ எம்மடியிலல்லா இருக்க!"

"அம்மா, பிடி."

"பிடிச்சிருக்கேன் மக்களே. பிடிச்சிட்டுதான் இருக்கேன்."

பிள்ளையின் உடம்பு சில்லிட்டது. கைகளை இன்னும் இறுக்கினாள். சின்னக் கால்கள் அவள் முழங்காலில் உதைத்தன. ஒருமுறை. இன்னொருமுறை. அலறினாள். தெருவில் யாரோ கதவைத் தட்டினார்கள். எழுந்துபோய்த் திறக்கக் கையை விடவேண்டும். விடவில்லை.

உதை நின்றது.

அறையில் ஒரு சொட்டு ஈரமில்லை. இலை அசையும் காற்றுமில்லை. முத்துக்கனியின் பின்னல் தானாக அவிழ்ந்து, முடி மெதுவாக மேலே எழும்பி, வெயிலில், அவள் தலையைச் சுற்றி மிதந்தது.