தண்ணி கேக்காத செடி

இந்தக் காலத்து ஜனங்களுக்குச் செடி வேணும், தண்ணி மட்டும் ஊத்த மாட்டாங்க. வூட்டுக்குள்ள பச்சையா ஒண்ணு நின்னா போதும், அது உயிரா பொணமான்னு பாக்கறதில்ல. சின்னராசுவின் மகள் ரஞ்சிதமும் அப்படித்தான். திருப்பத்தூர் காலேஜில் பூச்சி புழுவைப் பற்றிப் பாடம் எடுக்கிறவள், கோடை விழாக் கடையில் ஒரு செடியை வாங்கி, கண்ணாடி டம்ளரில் சொருகி வைத்துவிட்டுப் போனாள்.

"தண்ணி வாணாம் நைனா, வெயிலும் வாணாம். அப்படியே கெடக்கும்."

ஆறு மாசம் அப்படியே கிடந்தது. வாடவில்லை, தளிர்க்கவில்லை. சாமை போட்டு அறுபது வருஷம் மண்ணைக் கிளறின சின்னராசுவுக்கு அது பிடிக்கவில்லை. சாகாத செடியில் ஏதோ திருட்டுத்தனம் இருக்கிறது. வேண்டாத மரத்தின் வேரில் உப்பைக் கொட்டித்தான் சாகடிப்பது வழக்கம். புளி அடைக்க வாங்கின கல்லுப்பு மழை ஈரத்தில் கசிந்து சட்டியில் தேங்கியிருந்தது. அதை டம்ளர் நிறைய ஊற்றினார். சாவு இப்ப.

நாலாம் நாள் மத்தியானம் மலை மூட்டம் வாசல் வரை வந்து நின்றது. கூரையிலிருந்து சொட்டும் தண்ணியைத் தவிர வேறு சத்தமில்லை. அந்த அமைதிக்குள், யாரும் மீன் ஆக்காத வூட்டில், கருவாடு ஊற வைத்த மாதிரி ஒரு கவிச்சி அடுப்புப் புகையையும் தாண்டி மூக்கில் ஏறியது. டம்ளரில் பச்சைச் சாயம் இறங்கியிருந்தது. செடி வெளுத்திருந்தது. அதிலிருந்து நூல் நூலாக ஏதோ சுவரில் ஏறியிருந்தது. ஒவ்வொரு நூல் முனையிலும் ஒரு சின்னக் கிண்ணி. கிண்ணிக்குள் மெல்லிய விரல்கள். விரிந்தன. மூடின.

ஒரு எறும்பு ஏறியது. விரல் பட்டதும் விறைத்தது. உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் எல்லாக் கிண்ணியும் லேசாக உப்பின.

வெளியே போய் மகளுக்குப் போன் போட்டார்.

"அது செடியே இல்ல நைனா," அவள் சிரித்தாள். "கடல்ல பாறையில ஒட்டி வாழ்ற உயிரு. செத்துக் காஞ்சதைச் சாயம் போட்டு விக்கிறாங்க."

"செத்தது எறும்பு துன்னுமா?"

"மத்தியானத்துலயே ஏத்திக்கினியா?"

"வெளாட்டு வாணாம். உயிரோட இருந்தா இன்னா செய்யும், அதச் சொல்லு."

"ஒரே ஒடம்பு, ஆயிரம் வாயி. ஒண்ணு துன்னா எல்லாத்துக்கும் வயிறு ரொம்பும். சிலதுக்கு வாயே கெடயாது, பெத்துப் போடறதுதான் வேல. குட்டிக் குடை மாதிரி பெத்து வுடும். குடை நீந்திப் போய் முட்டை வுடும். அதுல வர்ற குஞ்சு தோதான எடத்துல ஒட்டி, திரும்பச் செடியாட்டம் மொளைக்கும்."

"தோதான எடம்னா?"

"ஈரம், உப்பு. மலையில ஏது? வை போன."

புளுகு என்று போனை மடியில் சொருகிக்கொண்டு உள்ளே வந்தார். டம்ளர் காலி. சுவர் சுத்தம்.

"ஏ மங்கம்மா, இத இன்னா பண்ண?"

"நாத்தம் தாங்கல, வழிச்சுப் போட்டேன்," என்றாள் அவர் சம்சாரம். "முந்தாநேத்தும் சுவத்துல கொஞ்சம் இருந்துச்சு, முந்தானையால தொடச்சேன். கண்ணையும் அதாலயே தொடச்சுட்டேன் போல. அப்பத்துலேந்து உறுத்துது. நீரு நிக்கவே இல்ல, பாருய்யா."

போன மாசம் புரை எடுத்த கண். இன்னொன்று எப்போதோ போய்விட்டது. இதுவும் போனால் அவளுக்கு வெளிச்சமே கிடையாது.

வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து வந்தார். இமையைத் தூக்கினார்.

விழியோரத்தில் நூல். நூல் முனையில் கிண்ணி. விரல்கள்.

விரிந்தன.

"இன்னாயா இருக்குது?"

"தூசி."

"தூசிக்கா இவ்ளோ நேரம் பாக்கற?"

ஒரு சொட்டுக் கண்ணீர் அவர் உள்ளங்கையில் விழுந்தது. சொட்டுக்குள், கண்ணாடி மாதிரி, ஒரு குடை. சுருங்கியது. விரிந்தது. சுருங்கியது.

இன்னொரு சொட்டு. அதிலும்.

"தூசிதான்," என்றார் மறுபடியும். உள்ளங்கையை வேட்டியில் அழுந்தத் துடைத்தார். படியிறங்கி மூட்டத்துக்குள் நடந்தார். பின்னால் மங்கம்மாள் வாசலைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"யோவ், இருக்கியா? எல்லாம் வெள்ளையா தெரியுது."

மூட்டம், என்று சொல்லிக்கொண்டார். மூட்டந்தான். மலையில் ஏது கடல்.