தரகர் பார்த்துவிட்டுப் போன அடுப்படி

சனிக்கிழமை விடிந்தும் விடியாததுமாகப் பொன்னுத்தாய்க்கும் திருமலைச்சாமிக்கும் சண்டை மூண்டுவிட்டது.

"இன்னைக்கு ஒரு நாளு தோட்டத்துக்குப் போகாம இருந்தா குடியா முழுகிரும்? வீட்டுத் தரகர் வர்றப்போ குடும்பத் தலைவன்னு ஒருத்தர் வீட்ல இருக்க வேணாமா?"

"எவனோ ஒருத்தன் என் அடுப்படிய எட்டிப் பாக்க, நான் காவல் இருக்கணுமாக்கும்! எங்கப்பன் காலத்துல இருந்து பூம்பாறையில எங்கள விசாரிக்க எவனாவது வந்ததுண்டா?"

"இன்னைக்கு வர்றான்! எம் மகளுக்காக ஒரு நாழி வாயைப் பொத்திக்கிட்டு உக்காருங்க... அது போதும்!"

அவர்கள் மகள் கண்மணிக்குக் கொடைக்கானல் டெலிபோன் ஆபீஸில் ஆபரேட்டர் வேலை கிடைத்திருந்தது. 1964-ஆம் வருஷம் பூம்பாறையில் ஒரு பெண்ணுக்கு அது சின்ன விஷயமா? திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சேர வேண்டும். ராத்திரி முறையும் உண்டு, அந்த நேரத்தில் பூம்பாறைக்குப் பஸ் கிடையாது, ஆகையால் ஊருக்குள்ளேயே ஜாகை இருந்தால்தான் வேலை என்று உத்தரவிலேயே போட்டிருந்தது. துணைக்குத் தாய் போய் இருப்பதாக ஏற்பாடு.

ஆனால் கொடைக்கானலில் யார் சும்மா வீடு கொடுக்கிறார்கள்? தரகர் குருநாதன் கையில் ஒரே ஒரு வீடு காலியாக இருந்தது. நன்னடத்தைக்கு மணியக்காரரின் கடிதம் கேட்டார். பொன்னுத்தாய் மூன்று நாள் நடையாய் நடந்து வாங்கிக் கொடுத்தாள். ஜாமீனுக்கு ஆள் கேட்டார். கடைக்காரர் ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிப் போய் நிறுத்தினாள். கடைசியில், "உங்க ஊர் வீட்டை நேர்ல பாக்கணும்மா. ஒரு குடும்பம் வீட்டை எப்படி வெச்சுக்கும்னு அங்கதான் தெரியும்" என்றுவிட்டார். இத்தனைக்கும் திருமலைச்சாமி செய்த உபகாரம் என்ன தெரியுமா? பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு உத்தியோகம் என்று நாளைக்கு நாலு தரம் முணுமுணுத்ததுதான்.

பத்து மணி பஸ்ஸில் தரகர் வந்து இறங்கினார். மெழுகிய தரையைப் பார்த்தார், துலக்கி அடுக்கிய பாத்திரங்களைப் பார்த்தார். முகத்தில் திருப்தி தெரிந்தது. பொன்னுத்தாய்க்கு உயிர் வந்தது. பிறகு அடுப்படிக்குள் குனிந்து நுழைந்து அண்ணாந்து பார்த்தார். அடுப்புக்கு மேலே மூங்கில் கழிகளில் பூண்டுக் கட்டுகள் நெருக்கமாகத் தொங்கின. அதற்கும் மேலே கூரை முழுக்கக் கரி.

அதுவரை வாயே திறக்காத திருமலைச்சாமி அப்போது பார்த்துத் திறந்தார்.

"முந்நூறு கட்டு தரகரே! அத்தனையும் இவ கைவேலை. ராப்பகலாப் புகை அணையாமக் காப்பாத்துவா. ஒரு பல்லு முளைச்சதில்ல, ஒரு பல்லு சொத்தையானதில்ல. பூண்டுக்குப் புகை போட இவள அடிச்சுக்க இந்த மேல்மலையிலயே ஆளு கெடையாது. எங்க குடி போனாலும் இவ அடுப்புக்கு மேல பூண்டு தொங்கும்!"

பூம்பாறையில் ஒரு பெண்ணைப் பற்றி இதைவிடப் பெரிதாக ஒன்றும் சொல்லிவிட முடியாது. இருபது வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் அவளைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தையும் அதுதான்.

தரகரின் முகம் சுருங்கியது. "எங்க போனாலுமா?" என்று குடையை எடுத்துக்கொண்டார். "அம்மா, அந்த வீடு பூராப் பலகைச் சீலிங். முன்னாடி இருந்தவங்களும் பூண்டு வெள்ளாமைக்காரங்கதான். ஆறே மாசத்துல சீலிங் கறுத்து, ஓனர் மதுரையில இருந்து வந்து என்னைக் கிழிகிழின்னு கிழிச்சுட்டார். மன்னிச்சுக்கங்க." ஆற்றி வைத்த காப்பியைக்கூடத் தொடாமல் போய்விட்டார்.

பொன்னுத்தாய் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"இப்பச் சந்தோசமா? நெனச்சதச் சாதிச்சுட்டீகள்ல!"

"ஏ பொன்னு... நான் உன்னையப் பெருமையாத்தான..."

"பெருமையா! எங்கய்யா செத்த மறுநாளே, பூண்டு கெட்டுப் போகும்னு என்னைய இழுத்துட்டு வந்தீகளே, அப்ப வரல ஒங்க பெருமை! கண்மணி பொறந்த பதினோராம் நாளு, பச்சை உடம்புக்காரிய இந்தப் புகையில நிக்க வெச்சீகளே, அப்ப வரல! எம் மக பொழப்பு வாசல்ல வந்து நிக்கிறப்பப் பாத்து வந்துச்சா...!"

கண்மணி அழுதுகொண்டே, "விடும்மா, எனக்கு இந்த வேலையே வேணாம்" என்றாள்.

"இன்னொரு தரம் சொன்ன, பல்லப் பேத்துருவேன்! கெளம்பு!"

மத்தியான பஸ்ஸில் தாயும் மகளும் கொடைக்கானலுக்கு, தரகரின் அறைக்கே போய்விட்டார்கள். உட்காரச் சொல்லாமலே பொன்னுத்தாய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கரிப்புடிச்ச கூரையப் பாத்தீக. அதுக்குக் கீழ ஒரு தூசு பாத்தீகளா? புகை போடுறது காட்டு வெள்ளாமைச் சோலிங்க. டவுனுல எனக்கு எதுக்குப் பூண்டு? ஒரு கட்டு தொங்குனாலும் அன்னைக்கே எங்க சட்டிபானைய வீதியில எறிங்க!"

"உங்களை நம்புறேம்மா. ஆனா உங்க வீட்டுக்காரர் வேற சொல்றாரே! நாளைக்கு அவரே மூட்டையோட வந்து எறங்கினா, நீங்க தடுத்துருவீங்களா?"

இருபது வருஷத்தில் அவள் எதைத் தடுத்திருக்கிறாள்?

"மூட்டை வராதுங்க" என்று வாசலில் குரல் கேட்டது. திருமலைச்சாமி! காய்கறி லாரியில் தொற்றிக்கொண்டு வந்திருந்தார். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. "எழுதிக்கங்க, கைநாட்டு வெக்கிறேன். இனிப் புகை போடுறது நானு. அங்கயே, எங்க வீட்ல."

"உங்களுக்குத் தெரியுமா அந்த வேலை?"

"தெரியாதுங்க. இவ கெளம்பி வந்த பெறகு அடுப்பு அணைஞ்சு கெடந்துச்சு. பத்த வெக்கப் போனேன். அரை மணி நேரம் நிக்க முடியல... கண்ணு பொங்கி, மூச்சடைச்சு, வெளிய ஓடியாந்துட்டேன். அந்தப் புகைக்குள்ள இவள நிறுத்தி வெச்சுட்டு, ஒங்ககிட்ட அதையே பெருமையாப் பேசியிருக்கேன்!"

தரகர் காகிதத்தில் எழுதி, கைநாட்டு வாங்கி, சாவியைப் பொன்னுத்தாய் கையில் கொடுத்தார்.

கண்மணி புது வீட்டைப் பார்க்க முன்னால் ஓடினாள். பின்னால் தயங்கித் தயங்கி வந்த திருமலைச்சாமி நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"இத்தனை வருசம் எப்படித் தாங்குன பொன்னு...?"

இந்தக் கேள்வியை ஒருவராவது கேட்கமாட்டார்களா என்று அவள் எத்தனை நாள் ஏங்கியிருப்பாள்! கேட்டுவிட்டார். ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. கண்ணில் நீர் மட்டும் கொட்டியது.

"தாங்கலைங்க. நின்னேன்... அவ்வளவுதான்."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். அவள் சமாதானம் சொல்லவில்லை. அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிட்டு மேட்டில் ஏறினாள். பத்தடி போனவள் திரும்பினாள்.

"அங்கயே நின்னா எப்படி? வந்து வீட்டைப் பாத்துட்டுப் போங்க."