படியேறும் குடம்

பாடல் வெளியான அன்று அதன் சிதறல் எண் பூஜ்யம் என்று காட்டியது. கருவி பழுது என்று ஜெசிந்தா நினைத்தாள். மறுநாளும் பூஜ்யம்தான்.

பாடல்களுக்கு யாரும் படம் எடுக்காத காலம் அது. கேட்பவர் நெற்றியில் ஒரு பட்டை கட்டிக்கொள்வார். பாட்டு ஓடும்போது அவர் மனதில் எழுவதை உருவரைவி என்ற நிரல் அசைபடமாக வரைந்து கைத்திரையில் ஓட்டும். ஒரே காதல் பாட்டில் ஒருவருக்கு மழை பெய்யும், இன்னொருவருக்கு ஒட்டகம் நடக்கும். இந்தப் படங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதே சிதறல் எண். எழுபது, எண்பது சாதாரணம். துக்கப் பாட்டுகூட ஐம்பதுக்குக் கீழே இறங்கியதில்லை.

ஜெசிந்தாவின் பாட்டைக் கேட்ட நாற்பது லட்சம் பேரும் ஒரே படத்தைப் பார்த்தார்கள். ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம், விளிம்புவரை தண்ணீருடன், தானாக மாடிப்படி ஏறுகிறது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. நான்கு நிமிடமும் ஏறிக்கொண்டே இருக்கிறது.

அதற்கு முன் அவள் ஏழு பாடல்கள் வெளியிட்டிருந்தாள். எதுவும் ஒரு வாரம் தாண்டவில்லை. இதில் சொற்களே இல்லை. ஒரு குரல், ஒரு செலோவின் நரம்பிசை. இப்போது பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் மடியிலும் குடம் ஏறியது. குடம் தாய் என்றார் ஒரு விமர்சகர். ஒரு மனநல மருத்துவர் அதை மனித இனத்தின் ஆதிக் கனவு என்று எழுதினார். சின்ன வயதிலிருந்தே தனக்கு இந்தக் கனவு வரும் என்று பலர் சத்தியம் செய்தார்கள். பாட்டை வெளியிட்ட நிறுவனம் அடுத்த பாட்டையும் பூஜ்யத்தில் கேட்டது.

அதை எப்படிச் செய்தோம் என்று ஜெசிந்தாவுக்கே தெரியவில்லை. பாட்டை வெட்டிச் சிலரைக் கேட்கவைத்துப் பார்த்தாள். செலோவை எடுத்தால் குடம் காணாமல் போனது, எண் அறுபதுக்கு ஏறியது. குரலை எடுத்தாலும் அப்படியே. இரண்டும் சேர்ந்தால் குடம். ஏன் குடம்?

மூன்றாவது வாரம் சாலிகிராமத்தில் சற்குணத்தின் அறைக்குப் போனாள். உருவரைவியை உருவாக்கிய ஐந்து பேரில் அவன் ஒருவன். படமாக மாறுவதற்கு முன் பட்டையில் பதியும் மூல அலைகளைக் காட்டச் சொன்னாள். விதிப்படி கூடாது என்றான். டீ குடித்து முடித்தபின் காட்டினான். முதலில் ஒருவருடையது. பிறகு பத்துப் பேர். பிறகு ஆயிரம் பேர். அதன்பின் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டான்.

"என்ன சற்குணம்?"

"மனசுல படம் பார்க்கிற பகுதியில ஒண்ணுமே இல்ல மேடம். வெறும் கோடு. கேக்குற பகுதி மட்டும் கொதிக்குது."

"அப்போ குடம் எங்கேர்ந்து வருது?"

அவன் எழுந்துபோய் மின்விசிறியைக் கூட்டிவிட்டு வந்தான்.

"அது டம்மி."

பாடலாசிரியர் வருவதற்கு முன் மெட்டைத் 'தன்னானே' போன்ற தத்தகாரத்தால் நிரப்பி வைப்பார்கள்; அதுதான் டம்மி. சற்குணம் படத்துக்கும் அதையே செய்திருந்தான். மனம் மூன்று நொடிக்கு மேல் எதையும் வரையாவிட்டால் திரை கறுக்காமல் இருக்க, சோதனைக் காலத்தில் பத்து நிமிடத்தில் வரைந்து செருகியது அந்தக் குடம். எடுக்க மறந்துவிட்டான். மூன்று வருடத்தில் யார் மனமும் மூன்று நொடி சும்மா இருந்ததில்லை. அதனால் அது வெளியே வரவேயில்லை.

"வரைய குடம்தான் கெடச்சுதா உங்களுக்கு?"

"அன்னிக்கு லிஃப்ட் ஓடல. நாலு மாடி தூக்கிட்டு ஏறினேன்."

ஜெசிந்தா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. நாற்பது லட்சம் பேர் நான்கு நிமிடம் மனதில் எதையும் பார்க்காமல் அவள் பாட்டைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கே அது தெரியாது.

வெளியே சொன்னால் தன் வேலை போகும், அவள் பாட்டும் போகும் என்றான் சற்குணம். யாரிடமும் சொல்ல வேண்டாம், டம்மியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றாள் அவள். திரை கறுத்துப் போகும் என்று எச்சரித்தான்.

"போகட்டும். மனசுல ஒண்ணுமே பார்க்காம கேட்டோம்னு அவங்களுக்குத் தெரியட்டும்."

மறுநாள் காலை பத்து மணிக்கு எடுத்தான். இருவரும் புகார்களுக்காகக் காத்திருந்தார்கள். மதியம்வரை ஒன்றுகூட வரவில்லை. சிதறல் எண் மட்டும் பூஜ்யத்திலிருந்து இரண்டாகியிருந்தது. சற்குணம் சில திரைகளைத் திறந்தான். எல்லாவற்றிலும் குடம் ஏறிக்கொண்டிருந்தது. ஒன்றில் படி கொஞ்சம் அகலம். ஒன்றில் பச்சை கொஞ்சம் வெளிர்.

"எடுத்துட்டீங்கதானே?"

"எடுத்தாச்சு மேடம். இது அவங்களே வரையிறது."

புதிதாகக் கேட்பவர்களைப் பார்க்கச் சொன்னாள். குடத்தைப் பார்க்காமல் அந்தப் பாட்டுக்கு வருகிறவர் இனி யார் இருக்கிறார்கள் என்று கேட்டான்.

அவள் மேசைமேல் கிடந்த பட்டையை எடுத்து நெற்றியில் கட்டினாள். அந்தப் பாட்டை அவள் பட்டையோடு கேட்டதே இல்லை. அதைச் செய்த நாட்களில் மனதில் எதுவும் தோன்றியதாக நினைவுமில்லை. திரையைச் சற்குணம் பக்கம் திருப்பிவைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். குரல் வந்தது. செலோ சேர்ந்தது. நான்கு நிமிடம் அசையாமல் இருந்தாள். பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள்.

சற்குணம் திரையை அணைத்தான்.

"உங்க குடம் நீலம், மேடம்."