பாகற்காய்க்குக் காது கேட்கவில்லை

நிலாக் கணக்கில் வரும் ஏழாம் மாதத்தில் யாராவது மலைக்குப் போய்க் கூடாரம் போடுவார்களா? எங்கள் அப்பா போடுவார்.

"கூட்டமே இருக்காது, சின்யா! மலை மொத்தமும் நமக்குத்தான்!" என்று கார் ஓட்டிக்கொண்டே குதிக்காத குறையாகச் சொன்னார்.

பின்னால் உட்கார்ந்திருந்த அத்தை, கையில் இருந்த விசிறியை மடக்கி அப்பாவின் தோளில் ஒரு தட்டு தட்டினார்.

"கூட்டம் ஏன் இருக்காதுன்னு யோசிச்சியாடா? இந்த மாசம் கீழுலகத்துக் கதவு திறந்து கிடக்கு. நல்லண்ணன்கள் எல்லாரும் லீவு போட்டு வெளியே வந்திருக்காங்க. மலை மொத்தமும் அவங்களுக்கு!"

நல்லண்ணன்கள் என்றால் பேய்கள். பேய் என்று வாய்விட்டுச் சொன்னால் அவர்களுக்குக் கோபம் வருமாம். அதனால் எங்கள் தைவானில் எல்லோரும் மரியாதையாக நல்லண்ணன்கள் என்றுதான் சொல்வோம். மறுநாள் அவர்களுக்குப் படையல் வைத்து எரிப்பதற்காக அத்தை ஒரு கட்டுப் பொன்காகிதம் கொண்டுவந்திருந்தார். அவர்கள் உலகத்தில் அதுதான் பணம். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை இருந்ததால் அவர் தப்பித்துவிட்டார்.

என் கவலை வேறு. போன முறை கூடாரத்தில் படுத்தபோது, இருட்டில் கழிவறைக்குப் போகப் பயந்து அடக்கிக்கொண்டே கிடந்தேன். விடிந்து பார்த்தால் என் தூங்கும் பை நனைந்திருந்தது. பத்து வயதுப் பெண் நான்! வீட்டுக்கு வெளியே யாருக்கும் அது தெரியாது. இன்னொரு முறை அப்படி நடக்கவே கூடாது என்று மதியத்திலிருந்தே நான் தண்ணீரைத் தொடவில்லை.

போய் இறங்கினால், அங்கே எங்களுக்கு முன்பே ஒரு கூடாரம் இருந்தது. அதன் வாசலில் உட்கார்ந்து சோளம் கடித்துக்கொண்டிருந்தது யார் தெரியுமா? போயென்!

போயென் என் வகுப்பு. அவனுக்கு வானொலி என்று பட்டப்பெயர். காலையில் அவன் காதில் விழுந்த சேதி, மதியச் சாப்பாட்டுக்குள் தலைமையாசிரியர் அறை வரை போய்விடும். மலையில் இத்தனை இடம் இருக்கும்போது இவனுக்குப் பக்கத்திலா நான் தூங்க வேண்டும்?

"ஏய் சின்யா! நீயும் வந்திருக்கியா!" என்று கத்தினான்.

"வராமலா உன் முன்னாடி நிக்கிறேன்?" என்றேன்.

மாலையில் அப்பா அடுப்பில் சாசேஜ் என்ற இறைச்சிக் குழல்களைச் சுட்டார். பொழுது சாய்ந்ததும் அத்தை எங்களைக் கூட்டி உட்காரவைத்தார்.

"இருட்டின பிறகு யாரும் யாரையும் சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. நல்லண்ணன்கள் கேட்டு வச்சுக்கிட்டு, ராத்திரி அதே பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. 'என்ன?'ன்னு கேட்டீங்க, அவ்வளவுதான்! கூடவே கூட்டிட்டுப் போயிடுவாங்க."

பிறகு காய்கறிக் கூடையை ஒரு பார்வை பார்த்தார்.

"தெஹாய், நீ பாகற்காய்."

"நான் ஏன்க்கா பாகற்காய்?" என்றார் அப்பா.

"மூஞ்சியைக் கண்ணாடியில பாரு, தெரியும். சின்யா முள்ளங்கி. நான் பூசணி."

"பூசணி ரொம்பப் பொருத்தம்..." என்று அப்பா ஆரம்பித்தார். விசிறி மேலே எழுந்தது.

"இன்னொண்ணு. மரத்தடியில ஒண்ணுக்குப் போறதா இருந்தா, முதல்ல அனுமதி கேக்கணும். 'மன்னிச்சுக்குங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க'ன்னு சொல்லணும். அங்கே யாரு உக்காந்திருக்காங்களோ, நமக்கென்ன தெரியும்?"

அப்பா சிரித்தார். ஆனால் பொழுது இருட்ட இருட்ட, அவர் நாற்காலி அடுப்பின் பக்கமாக நகர்ந்துகொண்டே வந்ததை நான் பார்த்தேன்.

அப்போது போயென் ஒரு பெரிய கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தான். "எங்கம்மா ஊலாங் டீ குடுத்துவிட்டாங்க."

"எனக்கு வேண்டாம்" என்றேன்.

"ஏன்? ராத்திரி கக்கூஸ் போகப் பயமா?"

"பயமா? எனக்கா?"

அவ்வளவுதான். ஒரு கோப்பை குடித்தேன். அவன் பார்த்துக்கொண்டே நின்றதால் இன்னொன்றும் குடித்தேன். இறைச்சிக் குழலில் உப்பு அதிகம், அதனால் மூன்றாவதையும் குடித்தேன். என் வாய்தான் எனக்கு எதிரி.

நடு இரவில் விழிப்பு வந்தது. அடிவயிறு முட்டிக்கொண்டு நின்றது. அத்தையின் படுக்கை காலி. அப்பா தூங்கும் பையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு, கண்ணை அகல விரித்துப் படுத்திருந்தார்.

"அப்பா, அத்தை எங்கே?"

"ஷ்! பேசாதே!"

கீழே சரிவிலிருந்து ஒரு குரல் வந்தது. "பாகற்கா...ய்!"

"அத்தை கூப்பிடறாங்கப்பா!"

"அத்தைன்னு உனக்கு எப்படித் தெரியும்? எப்படி இழுக்குது பாரு!"

"பாகற்காய்னு சரியாத்தானே கூப்பிடறாங்க?"

"நாம சாப்பிடறப்பவே பக்கத்துல நின்னு கேட்டிருப்பாங்க" என்று அப்பா கிசுகிசுத்தார்.

"முள்ளங்கீ...!" என்றது குரல். பக்கத்துக் கூடாரத்தில் ஒரு டார்ச் எரிந்தது. குரல் மறுபடி கேட்டதும் அது பட்டென்று அணைந்தது.

பிறகு குரல் பொறுமை இழந்தது. "ஜியென் தெஹாய்! ஜியென் சின்யா! எல்லாரும் செத்தா போயிட்டீங்க?"

"பார்த்தியா! சொந்தப் பேரு!" என்றார் அப்பா. "அக்காவா இருந்தா இப்படிக் கூப்பிடுவாங்களா? சட்டம் போட்டதே அவங்கதானே! இது மனுஷக் குரலே இல்லை!" பை இப்போது அவர் தலைக்கு மேலே ஏறிவிட்டது.

எனக்கோ இனி தாங்காது. மெல்ல ஜிப்பைத் திறந்து தலையை நீட்டினேன். கூடாரத்தின் பின்னால் ஒரு மரம் இருந்தது. கழிவறை வரை போக வேண்டாம், அங்கேயே முடித்துவிடலாம். அனுமதி மட்டும் கேட்க வேண்டும். கேட்கலாம். ஆனால் 'சரி, போ' என்று யாராவது பதில் சொல்லிவிட்டால்?

"ஒரு டிஷ்யூ கொண்டாங்கடா! புண்ணியமாப் போகும்!" என்று குரல் இப்போது கிட்டத்தட்ட அழுதது.

நான் அப்படியே நின்றேன். நல்லண்ணன்களுக்குக் காகிதப் பணம் எரிப்பதைப் பார்த்திருக்கிறேன். காகித வீடு, காகிதக் கார்கூட எரிப்பார்கள். ஆனால் யாரும் டிஷ்யூ எரித்து நான் பார்த்ததே இல்லை. அப்படியென்றால் அது அவர்களுக்குத் தேவைப்படுவதில்லை.

"அப்பா, அவங்களுக்கு டிஷ்யூ எதுக்குப்பா?"

"தந்திரம்!" என்றது தூங்கும் பை.

அத்தையின் தலையணைப் பக்கம் தடவினேன். டிஷ்யூ பாக்கெட் அங்கேயே இருந்தது. பக்கத்தில் வைத்திருந்த பொன்காகிதக் கட்டைத்தான் காணவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அத்தை இருட்டில் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஐயோ பாவம்!

"அது அத்தைதான்பா. நான் போறேன்."

"முள்ளங்கி, போகாதே! நானும் கூட வந்திருப்பேன், ஆனா... கால் மரத்துப்போச்சு."

டார்ச்சையும் டிஷ்யூவையும் எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினேன். பயமாக இருந்தது. ரொம்பப் பயமாக இருந்தது. கழிவறை விளக்கு தானாக எரிவதும் அணைவதுமாக இருந்தது. எரியும்போதெல்லாம் கண்ணாடிச் சன்னலில் இரண்டு கைகள் மேலே எழுந்து ஆடின. திரும்பி ஓடிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். ஓடினால் அத்தை விடியும் வரை அங்கேயே குந்தியிருப்பாரே!

இரண்டு கதவுகளில் ஒன்றில் 'பழுது' என்று எழுதி ஒட்டியிருந்தது. மற்றதைத் தட்டினேன்.

உள்ளே கைகள் நின்றன. விளக்கு அணைந்தது.

"யா... யாரது?" என்றது அத்தையின் குரல்.

"நான்தான் அத்தை. முள்ளங்கி."

"அந்தப் பேரு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே வச்சீங்க!"

"நீ மனுஷிதான்னு நான் எப்படி நம்பறது? ஐயா, நல்லண்ணன்களே, என்னை விட்டுடுங்க! நாளைக்குப் படையல் நிறைய வைக்கிறேன்! முழுக் கோழி வைக்கிறேன்!"

"அத்தை! சீக்கிரம்! எனக்கு அவசரமா ஒண்ணுக்கு வருது!"

உள்ளே யோசிப்பது வெளியே கேட்டது.

"அவசரமாவா?"

"வந்தே வந்துடும் போல இருக்கு!"

"அப்ப நீ மனுஷிதான்" என்றார் அத்தை. கதவின் அடியில் ஒரு கை நீண்டது. டிஷ்யூவை வைத்தேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டது.

"கையில ஒரு கட்டுக் காகிதம் இருந்தும் இந்த நிலைமை!" என்று உள்ளே புலம்பல் தொடர்ந்தது. "இதைத் தொட்டுட முடியுமா? அவங்க பணம்! அதுவும் அவங்க மாசத்துல! நான் சும்மா இருந்தா விளக்கு அணையுது. கையை ஆட்டி ஆட்டித் தோள்பட்டையே கழண்டுபோச்சு. அந்தப் பாகற்காய் எங்கே?"

"கால் மரத்துப்போச்சாம்."

"அவனுக்கா? குந்திக் கிடந்தது நானு!"

கதவு திறந்தது. அத்தை வெளியே ஓர் அடி வைத்ததும் முழங்கால் மடங்கியது. ஓடிப் போய்ப் பிடித்துக்கொண்டேன். தோளைக் கொடுத்து, மெல்ல நடத்திக்கொண்டுபோய், ஓரமாக இருந்த கல்லில் உட்காரவைத்தேன். அத்தை என் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தார். எனக்கு முத்தம் வாங்க நேரமில்லை. திரும்பி ஓடினேன்.

கதவின் முன்னால் ஒரு வரிசை நின்றது.

எங்கள் பேச்சுக் குரலைக் கேட்டதும் பக்கத்துக் கூடாரமே எழுந்து வந்துவிட்டது. முதலில் போயென், அடுத்து அவன் அப்பா, கடைசியாக அவன் அம்மா. மூன்று பேரும் காலை மாற்றி மாற்றி வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"யாராவது முதல்ல போகட்டும்னு எவ்வளவு நேரமாக் காத்திருந்தோம் தெரியுமா?" என்றார் அவன் அம்மா.

போயென் கதவின் கைப்பிடியில் கை வைத்திருந்தான். வரிசையின் கடைசியில் போய் நின்றால் என் கதை முடிந்தது. இங்கேயே, வானொலியின் கண் முன்னாலேயே முடிந்தது. செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது ஆறாம் வகுப்பு வரை தெரிந்திருக்கும்.

வேறு வழியே இல்லை. அவன் காதருகில் போனேன்.

"போயென், எனக்கு வழி விடு. என்னால முடியலை. போன தடவை டென்ட்ல தூங்கும் பையை நனைச்சுட்டேன். இப்பவும் ஆயிடும் போல இருக்கு."

சொல்லிவிட்டேன். யாருக்குத் தெரியவே கூடாதோ, அவனுக்கே சொல்லிவிட்டேன். முகம் கொதித்தது.

போயென் என்னைப் பார்த்தான். அப்பாவையும் அம்மாவையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"போன தடவைதானே? நான் போன வாரம். வீட்டுக் கட்டில்லயே."

கதவைத் திறந்து பிடித்தான். "போ, போ! சீக்கிரம் வா, நானும் மனுஷன்தான்!"

அப்பாடா! அந்த நிம்மதியைச் சொல்ல எனக்கு வார்த்தை தெரியாது.

நான் வெளியே வந்ததும் அவன் அம்பாகப் பாய்ந்தான். கதவு சாத்திக்கொண்டது. உடனே உள்ளிருந்து சின்னக் குரல் வந்தது.

"சின்யா, அங்கேயே இருக்கியா?"

"இருக்கேன்."

"போயிடலையே?"

"போகலை. நீ பேசாம வேலையைப் பாரு."

கடைசியில் எல்லோரும் சேர்ந்து மேலே ஏறினோம். எங்கள் கூடார வாசலில் நின்று அத்தை உள்ளே பார்த்துக் கத்தினார். "டேய் பாகற்காய்! எழுந்து போயிட்டு வாடா! கக்கூஸ் காலியா இருக்கு!"

உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்பா சட்டத்தைக் கடைசி வரை கடைப்பிடித்தார்.

காலையில் கண் விழித்ததும் என் தூங்கும் பையைத் தடவிப் பார்த்தேன். உள்ளே, வெளியே, மூலை முடுக்கெல்லாம் காய்ந்திருந்தது. விசில் அடிக்கத் தெரிந்திருந்தால் அடித்திருப்பேன். சந்தோஷமாக வெளியே வந்தேன்.

அப்பா எனக்கு முன்பே எழுந்து, தன் தூங்கும் பையைக் கசக்கிப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது?"

"ராத்திரி பனி ரொம்ப அதிகம்" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல்.

அந்த நேரம் பார்த்துத்தானா போயென் பல் துலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வர வேண்டும்? அவன் கொடியைப் பார்த்தான். எங்கள் கூடாரத்தைப் பார்த்தான். அதன் மேல் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. பிறகு என்னைப் பார்த்தான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

வானொலி வாயிலிருந்த நுரையைத் துப்பியது.

"ஆமா அங்கிள்" என்றான். "சரியான பனி!"